என் கணவரின் பாவ அறிக்கை

என் கணவர் இரட்சிக்கப்பட்டது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம். அதற்கு முன்பும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். பாளையங்கோட்டையில் மூன்று நாள் நடந்த உபவாசக் கூட்டத்திலிருந்து வந்தவர், "இத்தனை நாளும் நான் பேருக்குத்தான் கிறிஸ்தவன்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை.

யாருக்கு எதிராகப் பாவம் செய்தோமோ அவரிடமே போய் அறிக்கையிட வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்தாராம். இவர் மறுநாளே புறப்பட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஒங்க முருங்கை பட்டதுக்கு நாந்தான் காரணம், வெந்நி ஊத்துனேன்" என்றார். என் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "ஒங்க கல்யாணத்தப்ப ஒன்னையப் பத்தி ரெண்டு வார்த்தை தப்பாச் சொன்னேம்மா, மன்னிச்சிரு" என்றார். என்ன வார்த்தை என்று அவள் என்னை இன்றுவரை போனில் துளைக்கிறாள். இவர் லேசாகித் திரும்பி வருவார். மீதியை நான் சமாளிக்க வேண்டும்.

அடுத்து, கூட வேலை பார்த்த பழைய நண்பரைத் தேடிப் போனார். இருபது வருஷத்துக்கு முன் இருவருக்கும் பதவி உயர்வில் போட்டி. நண்பர் குடித்துவிட்டு ஆபீஸுக்கு வருகிறார் என்று மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. விசாரணை வந்து, அவரை வெளியூருக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு இவருக்குக் கிடைத்தது. எழுதியதே இவர்தான் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் வந்ததும் காப்பி கேட்டார்.

"அவுக என்ன சொன்னாக?"

"'எங்க தங்கச்சி மாப்பிள்ளைதான் எழுதுனாருன்னு இருந்துட்டேனே வே. நான் குடிக்கது அவருக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன். அவரு செத்ததுக்குக்கூட போகலியே'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒங்களுக்காக ஜெபிக்கேன்னு சொன்னேன்."

நான் காப்பி போட எழுந்திருக்கவில்லை. "அந்தத் தங்கச்சிகிட்ட யாரு சொல்லுவா?" என்று கேட்டேன்.

"கர்த்தர் என்னைய மன்னிச்சிட்டாரு. நீ ஏன் போட்டுக் கொழப்புத?"

"கர்த்தரப் பத்தியா மொட்டைக் கடுதாசி போட்டிய?"

கண்ணை மூடி ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கண் மூடலைப் போல என்னை எரிச்சல்படுத்துவது வேறொன்றுமில்லை. இரட்சிப்பு இலவசம் என்று நானும் நம்புகிறவள்தான். அதற்காக, இன்னொருத்தர் வீட்டில் நாம் மூட்டிய நெருப்பு தானாக அணைந்துவிடுமா?

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் நண்பரின் மனைவியிடம் அந்தத் தங்கையின் விலாசம் வாங்கி, இவரை ஆழ்வார்திருநகரி பஸ்ஸில் ஏற்றினேன். பஸ்ஸிலும் கண்ணை மூடினார். "வாயத் தொறந்து பேச வேண்டியது அங்கன" என்றேன்.

நண்பரின் தங்கை எங்களை உட்காரச் சொன்னார். இவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை.

"எங்க வீட்டுக்காரக படுக்கைல கெடந்தப்பவும் கேட்டாக, 'ஒங்க அண்ணன் ஏன் என்கூட பேச மாட்டேங்காரு, நான் என்ன செஞ்சேன்'னு. எனக்குச் சொல்லத் தெரியல. கேட்டுக்கிட்டே போயிட்டாக."

இவர் ஜெபிக்க வாயெடுத்தார். நான் கையை அழுத்திப் பிடித்தேன். நல்லவேளை, நிறுத்திக்கொண்டார்.

"ஒங்கள மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு மனசு வரல" என்றார் அந்த அம்மாள். "எங்க அண்ணன வரச் சொல்லுங்க."

உபவாசக் கூட்டத்தில் இவர் தேம்பித் தேம்பி அழுததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே அழவில்லை. தலை நிமிராமல் இருந்தார். முதல் தடவையாக எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

அடுத்த வாரம் நண்பர் தன் தங்கை வீட்டுக்குப் போனார். அந்த அம்மாளே போனில் சொன்னார்: "அண்ணன் வந்தான். அவுக படத்துக்கு முன்னால நின்னான். சாப்பிட்டுட்டுப் போனான்." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

போதகருக்கு விஷயம் தெரிந்து, இவரை மேடையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மாட்டேன் என்றுவிட்டார். நண்பரோ இவர் போனை எடுப்பதில்லை. இவர் வாராவாரம் நண்பர் வீட்டுக்குப் போகிறார். வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

"இன்னும் எத்தனை தடவை போகணும்?" என்று நேற்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? அவுகதான் சொல்லணும்" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.