பிள்ளைகளுக்கு ஆகிற நாய்

மேல்வீட்டு ஹெல்காவை எங்கள் கட்டடத்து லிஃப்டில் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் தன் பெயரைச் சொல்லவில்லை, நாயின் பெயரைச் சொன்னார். அதன் இனம், வயது, கோழிக்கறி அதற்கு ஒத்துக்கொள்ளாது என்பது வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் மூன்றாவது மாடி வந்துவிட்டது. நான் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, காய்கறிப் பையை முழங்காலுக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "எர் டூட் நிக்ஸ்" என்றார். அவன் ஒன்றும் செய்ய மாட்டான் என்று அர்த்தம். நாய் வைத்திருக்கும் ஜெர்மன்காரர்கள் எல்லோரும் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிற வாக்கியம் அது. இந்த மொழியில் நான் முதலில் முழுதாகப் புரிந்துகொண்டதும் அதைத்தான். நம்பத்தான் முடியவில்லை.

இங்கே நாயோடு போகும் இரண்டு பேர் தெருவில் எதிர்ப்பட்டால் முதல் கேள்வி, இது என்ன இனம் என்பதுதான். எங்கள் ஊர் மரக்காணத்தில் நாய் என்றால் செவலை, கருப்பு, புள்ளி, அவ்வளவுதான். ஜாதி நாய் வேண்டுமென்றால் ஈசிஆரில் பங்களா கேட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். எந்தத் தெரு என்று ஒருவர் கேட்டால் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்பது எங்கள் காலனியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தப்பித்துத்தான் கடல் கடந்து வந்தோம் என்று நினைத்திருந்தேன். இங்கே அந்தக் கேள்வியை நாயிடம் கேட்கிறார்கள், அதுவும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. என்னிடம் கேட்கும்போது சிரிக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் மகள் ஜெனிக்கு எட்டு வயது. போன வசந்தத்தில் அவள் நாய் வேண்டும் என்று ஆரம்பித்தாள். என் கணவர் அருள் கீழ்புத்துப்பட்டுக்காரர், எதையும் விட்டுப்பிடிக்கத் தெரியாது. மறுநாளே யூடியூபில் உட்கார்ந்து பட்டியல் போட்டுவிட்டார். லாப்ரடார் பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கும், ஆனால் முடி கொட்டும். பீகிள் அழகு, தனியாக விட்டால் ஊளையிட்டுக் கட்டடத்தையே கூட்டிவிடும். பார்டர் கோலிக்கு ஆடு மேய்க்கிற புத்தி, மேய்க்க ஆடில்லை என்றால் பிள்ளைகளை மேய்க்கும், குதிகாலைக் கவ்வும். பூடிலுக்கு முடி வெட்டுகிற செலவு என்னுடையதை விட அதிகம். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு மறுப்பு வைத்திருந்தேன். வாடகை ஒப்பந்தத்தைச் சொன்னேன், நாய்க்கு வரி கட்ட வேண்டும் என்றேன், முதியோர் இல்லத்தில் நர்ஸாக நான் பார்க்கும் ஷிஃப்ட் வேலையைச் சொன்னேன். உண்மைக் காரணம் என் தங்கை அமலா. அவள் ஏழு வயதில் நாய்க்கடி நோயில் செத்துப்போனாள். இதுவரைக்கும் அருளுக்குத் தெரியும். அதற்கு மேல் உள்ளது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் அப்பா அம்மா உப்பளத்தில் உப்பு வாரினார்கள். விடிவதற்கு முன்னால் போனால் வெயில் ஏறிய பிறகு வருவார்கள். பாத்தியில் நின்று நின்று அவர்கள் கால் எப்போதும் வெடித்துப் பிளந்திருக்கும். புதிதாக ஏதாவது வெட்டுக்காயம் பட்டால் அப்பா அதை உப்பு கட்டப்போகிற கெட்டித் தண்ணீரில் முக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் தெருவில் எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள். "எரிஞ்சா ஆறுதுன்னு அர்த்தம்" என்பார் அப்பா. எனக்கு அப்போது பதினொரு வயது. உலகத்தில் இதைவிடப் பெரிய மருந்து இருப்பதாக எனக்குத் தெரியாது.

முழுப்பரீட்சை லீவில், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியலுக்குப் பின்னால் அமலா ஒரு செவலைக் குட்டியைக் கண்டுபிடித்தாள். வீட்டுக்குப் பின்னால், உடைந்த சிமெண்டுத் தொட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் கட்டிவைத்தோம். மூன்றாம் நாள் அது பிஸ்கட்டைத் தொடவில்லை. இருட்டான பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டு எச்சில் வடித்தது. கழுத்துக் கயிறு இறுக்குகிறதோ என்று தளர்த்தப் போன அமலாவின் கெண்டைக்காலில் கவ்விவிட்டது. பல் பட்ட இடம் இரண்டு, அரிசி அளவுதான். அப்பாவுக்குத் தெரிந்தால் குட்டியை அடித்துப் போட்டுவிடுவார் என்று அவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளை உப்பளத்துக் கரைக்கு இழுத்துப் போய்க் காலைப் பாத்தித் தண்ணீரில் முக்கினேன். கத்தினாள். யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்று அவள் வாயைப் பொத்தினேன். எரிகிறது என்று அவள் துடிக்கத் துடிக்க, சரியாகத்தான் செய்கிறோம் என்று எனக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது.

ஒரே வாரத்தில் காயம் சுத்தமாக ஆறியது. அதுதான் கொடுமை. குட்டி கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டு எங்கோ போய்விட்டது, நாங்களும் மறந்துபோனோம். பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு காலையில் அமலா சொம்புத் தண்ணீரைப் பார்த்து அலறினாள். ஃபேன் காற்று பட்டதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் பிடித்துப் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாய் ஏதாவது கடித்ததா என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க, எங்க வூட்ல நாயே கிடையாது" என்றார் அப்பா. நான் அமலாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். டாக்டரே அவள் காலைத் திருப்பி, அந்த இரண்டு தழும்பையும் அம்மாவுக்குக் காட்டினார்.

நர்ஸ் படிப்பு முடித்த பிறகு எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தாலும் பயனில்லை. நோய் தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது. ஆனால் கடித்த அன்றைக்கே சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, ஊசி போட்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நடுவில் கழிந்த அத்தனை நாட்களிலும் நான் அவள் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினேன். நான் செய்தது எதுவும் தெரியாமலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தும்போதெல்லாம், புள்ள யார்கிட்டயும் சொல்லாம தனியா மறைச்சி வச்சிக்கிச்சே என்று புலம்புவார். நானும் கூட நின்று கொளுத்துவேன். சேவை மனப்பான்மையால் இந்தப் படிப்பை எடுத்தேன் என்று விசா நேர்காணலில் சொன்னது வடிகட்டிய பொய்.

கடைசியில் அருள் ஜெயித்தார். ஒரு சனிக்கிழமை நாய்கள் காப்பகத்துக்குப் போனோம். காத்ரின் என்ற பெண் நாலு பக்கப் படிவத்தோடு உட்கார்ந்தாள். எந்த இனம் வேண்டும் என்ற கேள்வி அதில் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது, அருளுக்கு முகம் தொங்கிவிட்டது. அதற்கு முன்னால் பிள்ளைக்கு என்ன வயது, நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், காலை ஆறு மணிக்கு மழையில் யார் கூட்டிப்போவது என்று கேட்டாள். இனம் பாதிதான் சொல்லும், பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் குட்டியை விடக் குணம் தெரிந்த பெரிய நாய்தான் நல்லது என்றாள். சாப்பிடுகிற நாயையும் தூங்குகிற நாயையும் பிள்ளை தொடக்கூடாது, இரண்டையும் தனியாக விட்டுவிட்டுப் போகவும் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் நாய் வைத்திருந்தீர்களா என்றாள். மூன்று நாள் வைத்திருந்தேன் என்றேன். என்ன ஆனது என்றாள். வெறிநோய்க்கு அவர்கள் சொல்லும் வார்த்தையைச் சொன்னேன், "டோல்வூட்." அவள் பேனாவை வைத்துவிட்டு, "பாவம் அந்த நாய்" என்றாள். அவள் தலைமுறையில் இந்த நாட்டில் அந்த நோயைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. அதில் மனிதர்களும் சாவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நானும் விளக்கவில்லை.

அடுத்தபடி அவள் ஜெனியைக் கேட்டாள். நாய்க்கு உன்னோடு விளையாடப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வாய்? தள்ளிப் போய் உட்காருவேன் என்றாள் ஜெனி. கடித்துவிட்டால்? ஜெனி யோசிக்கவே இல்லை. "அம்மாகிட்ட சொல்வேன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பார்க்கிங்கில் ஜெனியைக் காரில் உட்காரவைத்துவிட்டு அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜெனிக்குக் கேட்காமல் கார்க் கதவைச் சாத்தினார். "இத்த எங்கிட்ட சொல்லி ஒண்ணும் ஆவாது. அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

மறுநாள் ஞாயிறு. அம்மா பூசை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். நாய் வாங்கப் போவதை முதலில் சொன்னேன். விடாமல் மீதியையும் சொல்லி முடித்தேன். ஈசிஆரில் போகிற பஸ்ஸின் ஹாரன் போனுக்குள் கேட்டு அடங்கியது.

"நீயா கால புடிச்சி முக்குன?"

"ஆமாம்மா."

"கத்துச்சா?"

"கத்துச்சிம்மா. வாயப் பொத்துனேன்."

பிறகு அம்மா, "தனியா இருந்துச்சின்னு நெனச்சேன், இத்தினி வருசமா. நீ கூட இருந்திருக்கிற" என்றார். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை. கடைசியாக ஊசி போட்டாச்சா என்றார். நாய்க்கு எல்லாம் போட்டுத்தான் தருவார்கள் என்றேன். "நான் நாய கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரமே ஜெனிக்கு முன்கூட்டியே போடுகிற ஊசியைப் போட்டேன். இந்தியாவுக்குப் போகிற பிள்ளை என்று சொன்னதும் டாக்டர் மறுக்கவில்லை.

வந்து சேர்ந்தது லாப்ரடாரும் இல்லை, பீகிளும் இல்லை. ருமேனியாவில் தெருவில் பிடித்து, இங்கே கொண்டுவந்த நாலு வயது நாய், பெயர் ரூடி. இனம் என்ற இடத்தில் 'கலப்பு' என்று எழுதியிருந்தது. செவலை நிறம். காத்ரின் அதை வெளியே கூட்டிவந்தபோது உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரிதான் எனக்கு இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஜெனியிடமிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து, அவளே வரட்டும் என்று காத்திருந்தது. ஜெனியும் அவசரப்படாமல் அதன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட நான் காத்ரினிடம் பேனாவைக் கேட்டேன்.

ரூடிக்கு நீல நிறத்தில் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. அதில் வெறிநாய்த் தடுப்பூசிக்கு என்று தனிப்பக்கம், முத்திரையோடு. அது ஐரோப்பா முழுக்கப் போய்வரலாம். மே மாத லீவில் மரக்காணத்துக்கும் கூட்டிப்போகலாமா என்று ஜெனி கேட்டதற்கு, அங்கே போய்த் திரும்பினால் இரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், உங்கள் ஊரில் அந்த நோய் இன்னும் இருக்கிறது என்றார் நாய் டாக்டர். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மா வாரா வாரம் பேசுகிறார், ஜெனியைக் கேட்கிறார், குளிரைக் கேட்கிறார். நாயின் பெயரை மட்டும் இதுவரை கேட்டதில்லை.

இப்போது பனிக்காலம். தெரு வழுக்காமல் இருக்க நகராட்சி வண்டி விடியற்காலையில் உப்பைக் கொட்டிக்கொண்டே போகிறது. எங்கள் ஊர் முழுக்கக் குனிந்து குனிந்து வாரிய பொருளை இங்கே சக்கரத்துக்கு அடியில் போடுகிறார்கள். அந்த உப்பு நாயின் பாதத்தை அரித்துவிடும், வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும் என்று ஹெல்காதான் சொல்லிக்கொடுத்தார். நேற்று ரூடி வாசலிலேயே நொண்டியது. பாதத்தில் சின்னதாக ஒரு வெடிப்பு. ஜெனி துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "எரியுமாம்மா?" என்றாள். எரியும் என்றேன். பேசினில் நிரப்பிய வெந்நீரில் அதன் காலை இறக்கியதும் ரூடி தலையைத் தூக்கி நீளமாக ஊளையிட்டது. மேல்வீட்டுக்கும் கேட்டிருக்கும். என் கை அதன் வாய் வரைக்கும் போய் நின்றது. கையை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அது கத்தி ஓயும் வரைக்கும், உப்பு போக, விரல் விரலாகக் கழுவிக்கொண்டிருந்தேன்.