ஆளுக்கு என்ன பிடிக்கும்?

வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைக் கவனிக்கிற நர்ஸுகள் நாங்கள். எங்களுக்குக் குற்றாலத்தில் ஒரு கூட்டம். அவரவர் கண்ட நல்ல வழிகளை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சுரண்டையிலிருந்து வந்த ஓர் அக்கா மட்டும் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். யார் எந்த நோயைப் பற்றிப் பேசினாலும் குறுக்கே புகுந்துவிடுவார்:

"அது கெடக்கட்டும். ஆளுக்கு என்ன பிடிக்கும்?"

என் முறை வந்தது. இலத்தூரில் ஒரு பெரியவருக்கு விழுங்க முடியவில்லை, வாயைத் துடைக்கப் போனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார் என்றேன்.

"ஆளுக்கு என்ன பிடிக்கும்?"

"கோழிச் சால்னா. அதை எப்படிக்கா குடுக்க?"

"குடுக்கவா சொல்லுதேன்? தெளிவ வடிகட்டி, பஞ்சுல முக்கி, நல்லாப் பிழிஞ்சிட்டு நாக்குல தடவு."

"எவ்வளவு நேரம்க்கா?"

"மூஞ்சி மலருத வரைக்கும்."

கூட்டமே சிரித்தது. நானும்தான்.

அடுத்த முறை போனபோது பெரியவரின் மனைவியே சால்னா வைத்துத் தந்தார். வாசம் பட்டதும் பெரியவர் தானாக வாயைத் திறந்தார். பஞ்சால் தடவினேன். நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, பல நாளாகப் பேசாதவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, உப்பு காணாது."

"இப்பவும் கொறைதான் சொல்லுதாவ!" என்று கோபித்த அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே உப்பெடுக்க ஓடினார்.

சுரண்டை அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும். பெயர்கூடத் தெரியாது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அருவி பிடிக்கும். அதையும் ஈரத்தலைதான் சொன்னது.