முதல் வரிசை கடக்கும்வரை

லிடியா போன வருடத்துக் கறியின் கடைசித் துண்டை உலர்த்துவதற்காக அரிந்துகொண்டிருந்தாள். முன்னங்கால் சப்பை. உறைபெட்டியின் அடியில், மீன்களுக்குக் கீழே அகப்பட்டது. கத்தியைப் படுக்கவைத்து, துண்டைத் திருப்பித் திருப்பி, சுருட்டிய பாயைப் பிரிப்பதுபோல ஒரே தகடாக விரித்துக்கொண்டே போக வேண்டும். எங்கும் ஓட்டை விழக் கூடாது. விழுந்தால் மாமியார் அந்த ஓட்டை வழியாக அவளைப் பார்த்துச் சிரிப்பாள். மாமியார் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. கை இன்னும் பயந்துதான் அரிகிறது.

வானொலியில் நிலவரம் வாசித்தார்கள். ஆற்றில் பனிக்கூழ் ஓட ஆரம்பித்துவிட்டது. வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு சனிக்கிழமையோடு நிற்கும். கணவாயில் காற்று, சாலையில் மூடுபனி. கரிபு மான்கள் இன்னும் கணவாய்க்கு வடக்கேதான் நிற்கின்றன. படகு நின்றுவிட்டால், ஆறு உறைந்து அதன்மேல் வண்டி ஓட ஐந்து வாரமாவது ஆகும். அதற்குள் மந்தை போய்விடும். ஆகவே, சனிக்கிழமைக்குள் அக்கரை போய்க் கூடாரம் போட்டு, ஆறு உறையும்வரை அங்கேயே கிடக்கத் துணிந்தவர்கள் கொண்டுவந்தால்தான் இந்தக் குளிர்காலத்தில் ஊருக்குக் கறி.

ஏனோக் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒரு கோப்பை டீயை அரை மணி நேரம் குடிக்கிற ஆள். காலையில் தொலைநோக்குக் கண்ணாடியை எடுத்து, பழைய கம்பளிச் சட்டைத் துணியால் துடைத்து, கதவோரத்து ஆணியில் மாட்டியிருந்தான். எதற்கு என்று லிடியா கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் ஒரே அடுப்பில் காய்ந்தவர்களுக்குள் கேட்க வேண்டியது அதிகம் இருப்பதில்லை.

கணவாய்க் குன்றின்மேல் உட்கார்ந்து மந்தையைப் பார்ப்பதற்கு ஊர் ஒருவரை நியமிக்கும். முன்னால் வரும் பெட்டைகள் சாலையைக் கடந்து போகும்வரை யாரும் சுடக் கூடாது, வண்டியைக் கிளப்பக் கூடாது. அவை மிதித்த தடத்தில்தான் மற்றவை வரும். முதல் வரிசை போய்விட்டது என்று குன்றிலிருந்து சொன்ன பிறகுதான் வேட்டை. இருபத்திரண்டு வருடமாக அதைச் சொல்லிவந்த ஏபல் ஆகஸ்டில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஏனோக்குக்கு அறுபத்து மூன்று ஆகிறது. இடது முழங்கால் இப்போதே முனகுகிறது. அடுத்த வருடம் அந்தக் குன்றில் ஏற முடியாது என்று அவனுக்கும் தெரியும், லிடியாவுக்கும் தெரியும்.

டார்கஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். ஏனோக்கின் அக்கா, ஊர்ச்சபையில் இருப்பவள். பூட்ஸ் பனியை வாசலில் உதறிவிட்டு, தானே டீ ஊற்றிக்கொண்டு, தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்தாள்.

"உன் பேரு வந்துச்சு தம்பி. யாரு சொன்னான்னு கேக்காத."

"சரி, கேக்கல."

"கேளேன்டா."

"யாரு?"

"ஏபலே சொன்னாரு. ஊன்றுகோலத் தட்டித் தட்டிச் சொன்னாரு. உடனே பின்னாலேருந்து ஒருத்தன், 'அவசரத்தையா குன்றுமேல உக்கார வைக்கப் போறீங்க'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

ஏனோக்கும் சிரித்தான். அவனுக்கு ஊரில் அவசரம் என்றுதான் பெயர். அவன் மெதுவாக நடப்பதைக் கேலி செய்து வைத்த பெயர் என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. பெரியவர்களுக்கு அப்படி இல்லை.

லிடியா கத்தியைத் துடைத்தாள். துடைக்கத் தேவையே இல்லை.

கல்யாணமாகி முதல் இலையுதிர்காலம் அது. அவளுக்கு இருபது வயது. கணவாய்க்குக் கீழே ஒன்பது கூடாரங்கள். தரையில் ஊசியிலைக் கிளைகளைப் பின்னிப் பரப்பி அதன்மேல் படுக்கை. அந்த வாசனை, கறுத்த கெட்டிலின் புகை, பக்கத்துக் கூடாரத்தில் யாரோ பிடிலைத் தேய்க்கும் சத்தம், கூடாரத்துக்குக் கூடாரம் பெண்கள் கத்திப் பேசும் வம்பு. இன்றைக்கு எல்லோரும் வண்டிக்குள் சூடாக உட்கார்ந்து, மந்தை எங்கே நிற்கிறது என்று கைபேசியில் புள்ளிகளைப் பார்க்கிறார்கள். அன்றைக்குக் காதுதான். இரண்டு நாளாக மூடுபனி. கூடாரத்தை விட்டுப் பத்தடி போனால் கூடாரம் தெரியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஏனோக் சீட்டாடப் போயிருந்தபோது அவள் அதைக் கேட்டாள். கரிபு நடந்தால் கணுக்காலுக்குள் நரம்பு சொடுக்கும். டிக், டிக் என்று மெல்லிய சத்தம், நிறைய, நெடுநேரம். முதல் வரிசை சாலையைக் கடந்துவிட்டது என்று முடிவு செய்தாள். மறுநாள் காலை அவன் தண்ணீர் மொள்ள ஓடைக்குப் போனான். மூடுபனி கொஞ்சம் கிழிந்தது. சாலையோரம் ஒன்பது பெட்டைகள். ஊர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டுக்குத் தன் கையால் முதல் கறி. அதைத்தான் நினைத்தாள், வேறொன்றும் நினைக்கவில்லை. ஒரே குண்டு.

முன்னால் நின்றது மண்டியிட்டது. அதற்கப்புறம்தான் அவள் மலையைப் பார்த்தாள். பழுப்புப் புல் சரிவு என்று நினைத்திருந்தது முழுவதும் மந்தை. அந்தச் சரிவே திரும்பி மேற்கே நடந்தது. சாயங்காலம் சொடுக்கியவை சாலையோரம் மேய்ந்த நாலைந்து கிழட்டுக் கடாக்கள் என்று பிறகு தடம் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஏனோக் ஓடைப் பக்கமிருந்து வந்தான். கெட்டிலைச் சிந்தாமல் கீழே வைத்தான். அவள் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினான். மூடுபனியை விலக்கிக்கொண்டு மற்றவர்கள் வந்தபோது அது அவனிடம் இருந்தது. யார் சுட்டது என்று எவரும் கேட்கவில்லை. ஏன் என்றுதான் கேட்டார்கள். அவசரப்பட்டுவிட்டேன் என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர் கடைக் கோழியையும் டப்பாக் கறியையும் தின்றது. கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழி. தட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஏனோக்கைப் பார்த்தார்கள். அப்புறம் வந்த வருடங்களில் கூடாரத்தில் அவனுக்குக் கிடைத்தது விறகு வேலை. விறகை அழகாக அடுக்குவான். மூத்தவள் பிறந்ததும் சொல்லிவிடலாம் என்று லிடியா இருந்தாள். பிறகு மாமியார் கண்மூடட்டும் என்று இருந்தாள். பனிவண்டி வாங்குவது பற்றி இருவரும் தட்டுகள் உடையும் அளவுக்குச் சண்டை போட்ட நாளில்கூட அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டார்கஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். தானும் வேண்டாமென்றுதான் சொன்னாளாம். தம்பிக்காகப் பேசினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதாம். நாலு மணிக்குச் சபை மறுபடி கூடும். ஆற்றங்கரை வீட்டுக்காரரின் மருமகனைப் போட்டுவிடுவார்கள். முன்னால் வந்ததைச் சுட்டவனே முன்னால் வருவதற்குக் காவல் இருப்பது எங்கேயாவது உண்டா என்றாள்.

ஏனோக் எழுந்து போய், ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்து, அதன் உறைக்குள் போட்டு மூடினான். பித்தான் சொடுக்கிய சத்தம் அடுப்பங்கரை முழுக்கக் கேட்டது.

"அவன் சுடல அண்ணி," என்றாள் லிடியா. "நான்தான் சுட்டேன்."

டார்கஸ் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினாள்.

"என்னடா சொல்றா இவ?"

"கறி காயப் போடணும்," என்றான் ஏனோக். "நேரமாச்சு."

"நான் கேட்டது அதையா?"

அவன் மறுபடியும் டீயின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். டார்கஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரொட்டித் துண்டு கையிலேயே இருந்தது.

"அந்தப் பேரை வச்சதே நான்தான்," என்றாள் கடைசியில், சின்னக் குரலில்.

லிடியா கைகளைக் கழுவினாள். நகத்தடி ரத்தம் போகவில்லை, போகாது. மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கடிகாரத்தில் மூன்றே முக்கால்.

"உக்காரு," என்றான் ஏனோக். "அங்க போய்ச் சொன்னா நாளைலேருந்து உன்னைத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க. எனக்கு அது பழகிப்போச்சு."

"எனக்குப் பழகல."

உறையிலிருந்து கண்ணாடியை எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டினாள். கதவில் கைவைத்தபடி திரும்பினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு எங்கிட்டேருந்து ஏன் துப்பாக்கிய வாங்கின?"

ஏனோக் கோப்பைக்குள் பார்த்தான். கொஞ்சம் குடித்தான். ஜன்னலுக்கு வெளியே பனிக்கூழ் கரையை உரசிக்கொண்டு போனது. டார்கஸ் பதிலுக்காகத் தம்பி முகத்தையே பார்த்திருந்தாள். அவனுக்கு நேரம் வேண்டும் என்று லிடியாவுக்குத் தெரியும், நின்றாள். கடிகாரத்தின் நொடிமுள் ஒரு தடவை முழுதாகச் சுற்றி வந்தது. பிறகு தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.