ஒரு பிள்ளையைக் குறைத்த கதை

பதிவேடு பொருத்துகிறவனுக்குப் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் தெரியும், முகம்தான் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான ஒரு கிளினிக்கின் பதிவையும் பள்ளிக்கூடக் காதுச் சோதனைப் பதிவையும் கணினியில் பொருத்தி, சோதனை செய்யாமல் விடுபட்டவர்களின் பட்டியலை எடுக்கவேண்டும். அந்தப் பிள்ளைகளைத் தாதி கூப்பிட்டுச் சோதிப்பார். வீட்டில் முதன்முதல் பட்டம் வாங்கியவர்களே, உங்களுக்கு விளங்கும்: நாங்கள் ஒரு பிழை விட்டால் குடும்பமே பிழை விட்டமாதிரி.

இரண்டு குடும்பம்

இது நான் பார்த்ததல்ல. பக்கத்து மேசைக் கணேஷ் அண்ணை சொல்லிக் கேட்டது. எங்கள் வழக்கப்படி அவருடைய பின்பெயர் அவரின் அப்பாவின் பெயர்; பிள்ளைகளின் பின்பெயர் அவருடைய பெயர். ஒரு அரசாங்கக் கந்தோரில் அவரையும் பிள்ளைகளையும் வேறு வேறு குடும்பமாகப் பதிந்துவிட்டார்களாம். "ஒரே பானைச் சோறுதான் தின்னுறம் தம்பி. கொம்பியூட்டருக்கு மட்டும் நாங்கள் ரெண்டு குடும்பம்."

வீட்டுப் பெயர்

பெயர் வேறு என்பதற்காக ஆளைப் பிரிக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். சில நாளில் கணினி தன்னால் தீர்க்கமுடியாத இரண்டு பதிவுகளை என்னிடம் விட்டது. கிளினிக் படிவத்தில் கிரேஸ், பள்ளிக்கூடப் பதிவில் லின்டா. பின்பெயர், பிறந்த திகதி, விலாசம் மூன்றும் ஒன்று. எனக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். இவளுக்கும் அப்படித்தான் என்று 'ஒரே பிள்ளை' ஆக்கினேன். லின்டாவுக்குச் சோதனை முடிந்திருந்தது. அதனால் கிரேஸ் பட்டியலில் வரவில்லை. கணேஷ் அண்ணை எட்டிப் பார்த்தார். "உவன் கம்பஸில படிச்சது வீண்போகேல்லை!"

மார்லீன் வாசித்தபோது

மார்லீன் அந்தக் கிளினிக்கின் தாதி. அவரும் பூர்வகுடிப் பெண். எந்தப் பட்டியலும் முடிவாகுமுன் தங்கள் சமூகத்து ஆள் ஒருவர் வாசிக்கவேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. எனக்கு அது வீண் தாமதமாகவே பட்டது.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்து, "கிரேஸ் எங்கே?" என்றார். லின்டா என்ற பெயரில் சோதனை முடிந்துவிட்டது என்று பெருமையோடு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "லின்டா அவளுடைய சகோதரி. கிரேஸ் டீவியோடு ஒட்டிக்கொண்டு இருப்பாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் குழப்படிக்காரி என்று மூலையில் இருத்துகிறார்கள்."

இரண்டு மாதம் கழித்து

கிரேஸின் இரண்டு காதுக்குள்ளும் நீர் கட்டியிருந்தது. சின்னச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதுவரை நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். அம்மாவிடம் வேலை அதிகம் என்று சொன்னேன். பிறகு மார்லீன் தொலைபேசியில் சொன்னார்: "நேற்று வழக்கம்போலச் சத்தமாகக் கூப்பிட்டேன். 'ஏன் இப்படிக் கத்துறீங்கள்?' என்று கேட்கிறாள்."

பிறகு கிளினிக்கின் படிவத்தை எடுத்துச் சரிபார்த்தேன்: பின்பக்கத்தில் 'இரட்டையர்' என்ற கட்டத்தில் தெளிவாகப் புள்ளடி போட்டிருந்தது. பரீட்சைத் தாள் ஒவ்வொன்றையும் மூன்று தரம் திருப்பிப் பார்த்துப் பட்டம் வாங்கியவன் நான்; அந்த ஒரு தாளைத்தான் திருப்பவில்லை.