ஆற்றுக்கு நேர்ந்த மீன்

கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்கு மீன் பித்துப் பிடித்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சந்துக் கடையில் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். வகுப்பு முடிந்து விக்கிரமசிங்கபுரம் பஸ் வரும்வரை அங்கேதான் நிற்பேன். தங்கமீன்கள் தம்பாட்டுக்கு அலைந்துகொண்டிருக்கும். மூலைத் தொட்டியில் இருந்த ஒரு கறுப்புக் குஞ்சு மட்டும் நான் நகர்ந்தால் நகரும், நின்றால் நிற்கும். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. உடம்பெல்லாம் கோணல்மாணலாக வெளிர்மஞ்சள் கோடுகள்.

"அது ஆஸ்கர், தம்பி. சின்னதா இருக்குன்னு பாக்காத. வளந்தா ஒரு சாண் தாண்டிரும். சின்னத் தொட்டி பத்தாது" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

விற்கிறவரே வேண்டாம் என்கிற மாதிரி பேசினால் எனக்கு அதுதான் வேண்டும். என் குணம் அப்படி. தண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சேரன்மகாதேவி தாண்டி பஸ் குலுங்கும்போதெல்லாம் அதை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி ஊர் வந்து சேர்ந்தேன்.

அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "என்னலே இது? கறிக்கும் ஆவாது, கும்பிடவும் ஆவாது. இத வச்சு என்ன செய்யப் போற?"

அம்மா பார்க்கவே வரவில்லை. மண்புழுவைத் தின்னும் என்று கேள்விப்பட்டதும் அடுப்படியில் இருந்தபடியே குமட்டினாள்.

முதல்முறை தொட்டித் தண்ணீரை மாற்றிய அன்று மீன் அடியில் போய் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. செத்துப்போச்சு என்றே நினைத்தேன். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். "சாவலலே. கண்ண உருட்டி நம்மளயே பாக்கான் பாரு. தண்ணிய மாத்துனது துரைக்குப் பிடிக்கல. கோவிச்சுக்கிட்டுப் படுத்துருக்கான்."

அன்றிலிருந்து அது 'அவன்' ஆனது. கோபம் தணிந்து அவன் எழுந்து வரும்வரை அப்பா சாப்பிடப் போகவில்லை. அவனைக் கொண்டுவந்த எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

மில்லில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அப்பா வருகிற வழியில் வாய்க்கால் கரையைக் கிளறி, புழுக்களை வாழையிலைக் கிழிசலில் மடித்துக் கொண்டுவருவார். அவர் விரலிலிருந்தே பிடுங்கித் தின்பான். கொஞ்ச மாதத்தில் சங்குச் சத்தம் கேட்டாலே வாசலைப் பார்த்த பக்கக் கண்ணாடியில் வந்து நிற்கப் பழகிவிட்டான். நான் சொன்னால் கல்லூரியில் யாரும் நம்பமாட்டார்கள். உடம்பு துருச் சிவப்பாக மாறியது. வாலருகே ஆரஞ்சு வளையம் போட்ட ஒரு கறுப்புப் பொட்டு வந்தது. தொட்டிக்குள் அவன் திரும்பவே சிரமப்பட்டான். பெரிய தொட்டி வாங்க வேண்டும் என்று அப்பாதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவருக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தார். கண் மஞ்சள் இறங்கவில்லை. வயிறு வீங்கத் தொடங்கியதும் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். கல்லூரி பக்கம் என்பதால் வகுப்பு விட்டதும் நான் போய் அவரோடு தங்கிவிடுவேன். அம்மா சாயங்காலம் ஊருக்குப் போய், காலையில் கஞ்சியோடு திரும்புவாள். மீனை அவள்தான் பார்த்துக்கொண்டாள். குமட்டிய அதே அம்மா வாய்க்கால் கரையில் புழு தோண்டினாள்.

"அவன் தீனி எடுக்கானா?" தினமும் அவளிடம் அப்பா கேட்கிற முதல் கேள்வி அது.

"எடுக்கான், எடுக்கான். ஒங்களத்தான் தேடுதான்" என்பாள் அம்மா.

ஒரு விடுமுறை நாளில் மாற்றுத்துணி எடுக்க நான் ஊருக்குப் போனேன். தொட்டியில் தண்ணீர் இல்லை. கூழாங்கற்களைக் கழுவி ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தது. செத்துவிட்டானா, அதை மறைக்கிறாளா என்று திரும்பி வருகிற வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். அம்மாவை வார்டுக்கு வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"சாவலய்யா. ஆத்துக்கு நேர்ந்து விட்டுட்டேன்."

பாபநாசம் படித்துறை மீன்களை யாரும் பிடிக்கமாட்டார்கள். அவை சாமி மீன்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பொரி வாங்கிப் போடுவார்கள். கிடாயை நேர்ந்து விடுகிற மாதிரி, அப்பா பிழைக்க வேண்டும் என்று என் மீனை அங்கே நேர்ந்து விட்டிருக்கிறாள். வீட்டில் அவருக்கு ரொம்பப் பிரியமானது எதுவென்று யோசித்தாளாம். சங்கு ஊதும்போதெல்லாம் அவன் வாசலைப் பார்த்து வந்து நிற்பதையும் அவளால் பார்க்க முடியவில்லையாம்.

"நல்லானதுக்குப் பொறவுதானம்மா நேர்ச்சய செலுத்துவாவ?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அது வரைக்கும் பொறுக்க முடியலய்யா."

அவன் இந்த ஆற்றில் பிறந்தவன் இல்லை. அவன் இனத்தின் ஆறு கடல் தாண்டி எங்கோ இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் இந்தக் குளிர்ந்த தண்ணீர் அவனுக்கு ஆகாது. இதையெல்லாம் கொட்டித் தீர்க்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"தூக்குச்சட்டியிலதான் கொண்டு போனேன். பையப் பையத்தான் எறக்கி விட்டேன். விட்டதும் படிப்பக்கமாப் போயி ஒருச்சாச்சுப் படுத்துட்டான். பொரி போட்டேன், தொடல. பெரிய மீனெல்லாம் பொரிக்கு மோதிக்கிட்டு வந்துச்சு. பொறவு பாத்தா, ஆளக் காணல."

தண்ணீர் மாறிய கோபத்தில் படுத்திருக்கிறான். எழுந்து வரும்வரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்திருப்பான். பொரி அவனுக்குத் தின்னத் தெரியாது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே போனதும் அப்பா கண்ணைத் திறந்தார். கண் மஞ்சள் கிழங்காக இருந்தது.

"வீட்டுக்குப் போனியாலே? சங்கு ஊதுனா வாரானா?"

அம்மா என்னையே பார்த்தாள்.

"வாரான்ப்பா" என்றேன்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் பாபநாசம் படித்துறையில்தான். சாமி மீனை வாங்கிக்கொண்டதையும் சொல்ல வேண்டும், அப்பாவைத் திருப்பிக் கொடுக்காததையும் சொல்ல வேண்டும். அன்று எனக்குச் சாமி மேல் இருந்த கோபத்துக்கு அளவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளும் பச்சரிசி மாவுமாக உருட்டிய பிண்டத்தைக் கரைத்தேன். மீன்கள் கூட்டமாக வந்து காலைக் கொத்தின. எல்லாம் வெள்ளியும் சாம்பலுமான ஆற்று மீன்கள்.

கரையேறினேன். அம்மா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்போது மில்லில் சங்கு ஊதியது. படித்துறை வரைக்கும் நன்றாகக் கேட்டது. அம்மா இடுப்பிலிருந்து வாழையிலைக் கிழிசல் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஈர மண்ணோடு புழுக்கள் நெளிந்தன. காரிய வீட்டு அலைச்சலுக்கு நடுவே எப்போது போய்த் தோண்டினாளோ தெரியவில்லை. ஒரு புழுவை விரலில் பிடித்துத் தண்ணீருக்குள் கையை விட்டாள்.

சங்கு நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.