மூன்று கை கேட்கும் பிரேக்

போன புதன்கிழமை காலை என் வீட்டுக்காரரைக் கையும் ஸ்பேனருமாகப் பிடித்தேன்.

பால் வாங்கப் போனவர். பால் பாக்கெட் என் சைக்கிள் சீட்டின் மேல் இருந்தது. அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"தொடச்சிக்கினு இருக்கேன்."

"ஸ்பேனராலயா?"

ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வீட்டை இடித்துக் கட்டியபோது பரணிலிருந்து இறங்கியது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் மாடல். என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. கனமான சைக்கிள்களில் இருக்கும் கம்பி பிரேக் இதில் கிடையாது. காலிபர் பிரேக். கேபிளை இழுத்தால் இரண்டு கரங்கள் நெருங்கி வந்து, ரப்பர் கட்டைகளால் ரிம்மை இருபுறமும் பிடிக்கும். டீச்சர் பழைய இரும்புக்குப் போட இருந்தார். நான் குறுக்கே விழுந்து வாங்கிவிட்டேன்.

ஏன்? வேலையில் இருந்தபோது என் ஆபீஸ் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருந்தது. தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ். சாயங்காலம் பஸ் மலை இறங்கும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றையே நினைப்பேன் – இந்த இறக்கத்தில், பெடல் மிதிக்காமல், காற்று முகத்தில் அடிக்க, ஒரே ஒரு தடவை சைக்கிளில் போனால் என்ன? ரிட்டயர் ஆகும்வரை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது சைக்கிளும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் இதிலும் டீச்சர் தன் புது சைக்கிளிலும் இறங்குவதாக ஏற்பாடு.

வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்றார். கல்யாணமானவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

பிரேக்கை நானேதான் சரிசெய்தேன், போனில் வீடியோ பார்த்து. ஆனால் ஒரு விசித்திரம். சாயங்காலம் அளவாக வைத்துவிட்டுப் போவேன். காலையில் ஓட்டிப் பழகக் கிளம்பினால் வண்டி நகராது. மூச்சு வாங்க மிதித்துவிட்டு வருவேன். முதலில் என் முட்டியைத் திட்டினேன். பிறகு குனிந்து பார்த்தால் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டிருக்கும். தளர்த்துவேன். மறுநாள் காலை… மறுபடியும் அதே கதை. ஸ்பிரிங் பழசு, அதன் புத்தி அப்படி என்று அதையும் திட்டினேன். பாவம் ஸ்பிரிங்.

"தெனமும் நீங்கதானா?"

"இறுக்கமா இருந்தா நல்லதுதான? ஜாஸ்தி வேகம் போவாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இங்க பாருங்க. நீங்க இறுக்கி வச்சி வச்சி கட்டையே தேஞ்சி போயிருக்கு. மலையில நெஜமா புடிக்கிற நேரத்துல இது புடிக்குமா?"

கட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியாதுமா" என்றார். கட்டையிலிருந்து கையை எடுக்காமலே, "பயமா இருக்கு. அவ்ளோதான். அந்த வளைவுல எதிர்ல பஸ்ஸு வந்தா இன்னா பண்ணுவன்னு நெனச்சிக்கினே இருக்கேன்."

இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பல்வலியில் கன்னம் வீங்கியபோதுகூட "லேசா இருக்கு" என்றவர். சண்டைக்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனாலும் ஸ்பேனரைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பாசம் வேறு, ஸ்பேனர் வேறு.

அன்றே பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் புதுக் கட்டைகள் வாங்கி வந்தார். அவரேதான் போனார்.

காலிபர் பிரேக்கில் ஒரு சங்கடம் உண்டு. கட்டைகள் இரண்டையும் ரிம்மோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். கேபிளை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் நட்டையும் முடுக்க வேண்டும். மூன்று கை கேட்கும் வேலை. இதுவரை கட்டைகளைக் கயிற்றால் கட்டிவைத்துச் சமாளித்தேன். அன்று அவர் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?"

"வாணாம்."

"ஒரு நூலு?"

"ஒரு நூலுகூட வாணாம்."

முடிந்ததும் சக்கரத்தைச் சுழற்றினேன். உரசாமல் ஓடியது. அவர் லீவரைப் பிடித்தார். டக்கென்று நின்றது. நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தார்.

வீடுகளில் பாதிச் சண்டை இப்படித்தானே? ஒருவர் சொல்லாமல் இறுக்குகிறார், இன்னொருவர் சொல்லாமல் தளர்த்துகிறார். நடுவில் தேய்வது கட்டை.

ஞாயிற்றுக்கிழமை. குட்டி யானை லோடு வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு நானும் டீச்சரும் வெள்ளிமலை போனோம். வீட்டுக்காரர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மேலே போய் இறங்கினால், ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறார்.

"இங்க இன்னா பண்றீங்க?"

"சும்மா. தேன் வாங்கலாம்னு." பிறகு, யாரையும் பார்க்காமல், "நான் முன்னால போறேன். வளைவுல எதிர்ல வண்டி வந்தா ஆரன் அடிக்கிறேன்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கினேன். பஸ் ஜன்னலில் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கியது. முதல் வளைவில் லீவரைத் தொட்டேன், சத்தமில்லாமல் பிடித்தது. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன்.

மலையடிவாரம் வரை நான் பிரேக் பிடித்தது வளைவுகளில் மட்டும்தான். முன்னால் போன ஸ்கூட்டரின் பிரேக் விளக்குதான் மேலிருந்து கீழே வரை அணையவே இல்லை.