வென்றவர்களின் பல்

இருபத்திரண்டு வருடங்களில் அவள் வேலையை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்துவிட்டால் வேலை கெட்டது என்று அர்த்தம்.

பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஒரு ஜன்னலும் இரண்டு மேஜைகளும் கொண்ட அறை அவளுடையது. ஒரு மேஜையில் யார் யாருடைய ஈறுகளோ வெள்ளைப் பிளாஸ்டரில் வாய் திறந்து கிடக்கும். இன்னொன்றில் கையகல உலை, பீங்கான் பொடி, மூன்று முடி மட்டும் விட்டுக் கத்தரித்த தூரிகைகள். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். அவள் பல் செய்வாள். பல்லுக்குரியவரை அவள் பார்ப்பது அபூர்வம். முன்னறையில் வருபவர்களின் பெயரைப் பதிகிற பெண் அவளைப் பல்லக்கா என்று கூப்பிடுவாள். "பல்லக்கா, ஒரு கடவாய்ப்பல் வந்து அரை மணி நேரமா அழுதுட்டு இருக்கு, எப்ப முடியும்?" என்று கேட்பாள்.

பொய்ப்பல்லைக் காட்டிக்கொடுப்பது அதன் அழகு. இதை அவள் முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டாள். அதனால் ஒவ்வொரு பல்லிலும் ஒரு குறை வைப்பாள். நுனியில் ஒரு தேய்மானம், ஈறோரம் லேசான மஞ்சள், டீ குடிப்பவருக்கு டீக்கறை. குறைதான் பல்லை வாயோடு சேர்த்தது.

அவள் செய்ததில் மிகச் சிறந்தது அவள் தம்பியின் வாயில் இருந்தது. மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது. அவன் பார்சல் கிடங்கில் வேலை பார்த்தபோது ஏணியிலிருந்து விழுந்ததில் அந்தப் பல் பாதியாக உடைந்தது. முழங்காலும் போனது. கிடங்கு அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. காலுக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பல்லுக்குச் செய்தாள். சின்ன வயதில் அந்தப் பல் பக்கத்துப் பல்லின்மேல் தோளைச் சாய்த்து நிற்கும். உடைந்த பல்லின்மேல் மாட்டும் உறையை அதே சாய்வில் செய்தாள். நடுவில் ஒரு மயிரிழை விரிசல் இருந்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதையும் வரைந்தாள். மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தவன், "எதைக்கா மாத்தின?" என்று கேட்டான். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவளுக்குக் கிடைத்ததில்லை.

வீட்டில் அவர்கள் இருவர்தான். அவன் நாள் முழுவதும் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இலவசமாக கேம் தருகிற தளங்களில் பெயர் கொடுத்துக்கொண்டிருப்பான். அவள் வெங்காயம் நறுக்கும்போது கதவில் சாய்ந்து விளக்குவான்.

"எல்லாம் ஏமாத்து இல்லக்கா. எல்லாம் நிஜமும் இல்ல. புதுசா கேம் செய்றவங்க நாலு பேர் பேசட்டும்னு நூறு சாவி தருவாங்க. சாவின்னா ஒரு நம்பர், அத போட்டா கேம் திறக்கும். நூறு சாவிக்கு லட்சம் பேர் நிப்பாங்க. நிஜம்தான், ஆனா கிடைக்கிறது கஷ்டம்."

"பொய்யின்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"என்ன கேக்கறாங்கன்னு பாப்பேன். கார்டு நம்பர் கேட்டா மூடிடுவேன். போன் நம்பர், ஓடிபி, பாஸ்வேர்ட், எது கேட்டாலும் மூடிடுவேன். பரிசு உங்களுக்குத்தான், அனுப்புற செலவு மட்டும் குடுங்கன்னா சிரிச்சிட்டு மூடுவேன்."

மூன்று வருடத்தில் பதினொரு கேம் ஜெயித்திருந்தான்.

"ஒண்ணாவது விளையாடினியா?"

"நான் விளையாட உக்காந்துட்டா அடுத்ததுக்கு யாரு பேர் குடுக்கிறது?"

பன்னிரண்டாவதாக வந்தது சாவி இல்லை, பெட்டி. டிவியில் மாட்டி விளையாடுகிற பெரிய மெஷின். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கூடத்து நடுவில் பிரிக்காமல் வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். புதிய தளம் என்றான். ஆறு வாரத்தில் கிடைத்துவிட்டது.

"என்ன கேட்டாங்க?"

"அதான்க்கா ஆச்சரியம். எதுவுமே கேக்கல. ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, பல் தெரியச் சிரி, அப்புறம் பன்னிரண்டு வரி வாசி. நன்றி சொல்றதுதான். அவ்வளவு."

அவளும் அதை யோசிக்கவில்லை. கார்டு நம்பர், ஓடிபி என்று அவன் சொன்ன எதையும் அவர்கள் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மத்தியான இடைவேளையில், முன்னறைப் பெண் அவளைக் கூப்பிட்டாள்.

"பல்லக்கா, எங்க வீட்டுக்காரர் ஒரு தளத்துல பேர் குடுக்கப்போறாராம். உங்க தம்பி இதுல புலியாச்சே. நிஜமா பொய்யான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அதே தளம். நிஜம்தான், பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் முன்னறைப் பெண் போனில் வென்றவர்களின் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

முதல் வீடியோவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். சமையலறையில் நின்றுகொண்டு, நம்பவே முடியவில்லை என்றாள். எனக்குக் கிடைத்தது, உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். மேலுதடு இடப்பக்கம் சற்று அதிகமாக ஏறியது. உள்ளே ஒரு பல், பக்கத்துப் பல்லின்மேல் தோளைச் சாய்த்து நின்றது.

அவள் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"அத நிறுத்து. கொஞ்சம் பெருசாக்கு."

விரிசல் இருந்தது. ஈறிலிருந்து கிளம்பி பாதிவரை வந்து லேசாக வலப்பக்கம் ஒதுங்கும் விரிசல். அந்த ஒதுங்கல் ஞாபகத்தில் இருந்தது இல்லை. வரையும்போது உலையின் மணி அடித்துத் தூரிகை நழுவியதில் வந்தது. அழிக்காமல் விட்டிருந்தாள்.

"அடுத்தது போடு."

தாடி வைத்த ஓட்டுநர் ஒருவர். அதே பல். சக்கர நாற்காலியில் ஒரு முதியவர். முகம் முழுக்கச் சுருக்கம், அதே பல். இரட்டையர்கள் இருவர், இருவருக்கும் அதே பல். கடைசியாக ஒரு சிறுமி, எட்டு வயது இருக்கும். அம்மா மடியில் உட்கார்ந்து எனக்குக் கிடைத்தது என்றாள். பால்பல் விழுந்து முளைக்கிற வயது. அந்தச் சின்ன வாயில், முப்பத்தைந்து வயதுக்காரனுக்காகச் செய்த பல் இடம் போதாமல் நின்றது. சிறுமி சிரித்தபோது அம்மாவும் சிரித்தாள். அம்மாவுக்கும் இருந்தது.

வெளியே வெயிலில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? நிஜமா, பொய்யா?"

"பரிசு வருது" என்றாள். பிறகு, "வீடியோ மட்டும் அனுப்ப வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

"வீடியோவுல என்ன இருக்கு? அவர் மூஞ்சிய யாரு திருடப்போறா? நானே வேண்டாம்னு எத்தனையோ தடவை திருப்பிக் குடுத்திருக்கேன்."

அவளால் சிரிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த சிறு கண்ணாடியை ஒரு கையில் கொடுத்தாள். திரையில் அந்த மூக்குக்கண்ணாடிப் பெண்ணின் வாயைப் பெரிதாக்கி நிறுத்தினாள்.

"ஒரு பல்ல வச்சிட்டு என்னக்கா நீ. உலகத்துல கோணல் பல்லே இல்லையா?"

"விரிசலப் பாரு."

பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். மறுபடி கண்ணாடியை. அவன் உதடு தானாக மூடிக்கொண்டது.

"எத்தனை பேரு?"

"நான் பார்த்த வரைக்கும் முப்பத்தொண்ணு."

"முப்பத்தொரு பேரும் நானா?"

கேட்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பயம் இருந்தது, ஆனால் பயம் மட்டும் இல்லை.

அவள் எதிரிலேயே தளத்துக்கு எழுதினான். என் முகத்தையும் வாயையும் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அவன் பெயர் சொல்லி, மரியாதையாக. உங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் இருக்கிறது. இதற்கிடையில் நீங்கள் இரண்டாம் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். இம்முறை ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டியிருக்கும். வாரம் ஒரு பரிசு உறுதி.

"வாசிக்க மாட்டேன்னு சொல்லு."

"மாட்டேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

"மாட்டேன்க்கா. போதுமா?"

அவளுக்குப் போதவில்லை. வாசித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. பன்னிரண்டு வரிக்கே அவன் வாய் முப்பத்தொரு இடத்தில் திறந்து மூடுகிறது என்பது மட்டும் தெரியும். மறுநாள் டாக்டரிடம் காரணம் சொல்லாமல் ஒரு உதவி கேட்டாள். டாக்டர் அந்தப் பல்லுறையை அறுத்து எடுத்தார். அவள் வேறு ஒன்று செய்தாள். நேராக, குறையே இல்லாமல், மற்ற பற்களைவிட ஒரு படி வெள்ளையாக. எந்தக் கடையிலும் கிடைக்கிற பல். செய்து முடித்தபோது வேண்டாதவர் வீட்டில் கை நனைத்தது போலிருந்தது அவளுக்கு. அவள் வேண்டுமென்றே செய்த முதல் மோசமான பல் அது.

"என் வாய் மாதிரியே இல்லக்கா" என்றான் நாக்கால் தடவிக்கொண்டு.

"அதுக்குத்தான்."

அதன்பிறகு தினமும் மத்தியானம் வென்றவர்களின் பக்கத்தைப் பார்த்தாள். எதையும் எடுக்கவில்லை அவர்கள். புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் பழைய பல்லோடு. அவளுக்கு அது ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர்களிடம் இருப்பது கழற்றிவிட்ட வாய். தம்பியுடையது வீட்டில், மூடிய உதட்டுக்குள், அவர்களுக்குத் தெரியாத பல்லோடு இருக்கிறது. அவன் முன்னைவிடக் கலகலப்பாக இருந்தான். ஒருநாள் அவளுக்கு முன்னால் எழுந்து துணி துவைத்து வைத்திருந்தான்.

நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. புதிதாக வென்றவள் நாற்பத்தைந்து வயதுப் பெண். முன்நெற்றியில் நரை. எனக்குக் கிடைத்தது என்றாள். சிரித்தாள். மேல்வரிசை இடப்பக்கம் இரண்டாவது பல் நேராக இருந்தது. குறையே இல்லை. மற்றவற்றைவிட ஒரு படி வெள்ளை.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். பத்து நிமிட நடை. வழியில் தெரிந்தவர் ஒருவர் சிரித்தார். அவள் அவர் வாயைப் பார்த்தாள், பதிலுக்குச் சிரிக்க மறந்துவிட்டாள்.

வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அவன் வாசித்துக்கொண்டிருந்தான். நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பதைப் போல. மழை வரும் போலிருக்கிறது. குழந்தைகள் தூங்கிவிட்டார்களா. நான் உன்னை மறக்கவில்லை. உங்களுக்கும் கிடைக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வரிகள். கட்டிலுக்கு அடியில் மூன்று பெட்டிகள் பிரிக்காமல் இருந்தன.

அவன் முதுகு கதவுப் பக்கம் இருந்தது. திரையில் அந்த நரைத்த பெண். அவன் வாய் அசைந்தால் அவள் வாய் அசைந்தது. அவன் தலை சாய்த்தால் அவளும் சாய்த்தாள், ஒரு மூச்சு தாமதித்து.

காலடி கேட்டுத் திரும்பினான்.

"என்னக்கா, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

திரையிலிருந்தவளும் கேட்டாள். என்னக்கா, இந்த நேரத்துல, உடம்பு சரியில்லையா. பெண் குரல். அன்பான குரல்.

"மாட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

சொன்னேன், என்றாள் திரையிலிருந்தவள்.

"அப்புறம் எதுக்குடா?"

அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். பதில் யோசித்து வைத்திருந்தது போல இல்லை.

"நாலு வருஷமா எத்தனை எடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன், வேலைக்கு. ஒருத்தன் பதில் போடல. இவங்க காலைல எழுந்ததும் என் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. நான் வாசிக்கலன்னா அன்னிக்கு யாருமே ஜெயிக்க முடியாதாம்க்கா."

திரையிலிருந்தவள் அதையும் சொன்னாள். அவள் வாயில் அது இன்னும் நம்பும்படியாக இருந்தது.

"அவங்க யாரும் இல்லடா. ஜெயிச்சவங்கன்னு யாருமே இல்ல. நீ மட்டும்தான் ஜெயிச்ச. உன்னை வச்சு ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் பேர் குடுக்க வைக்கறாங்க."

"தெரியும்க்கா."

தெரியும்க்கா.

"வாய மூடுடா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் கொட்டாவி விடும்போது சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

அவன் மூடினான். தலையைக் குனிந்துகொண்டான். உண்மையாகவே நிறுத்திவிட்டான் என்று அவன் தோளைப் பார்த்தால் தெரிந்தது.

திரையிலிருந்தவள் குனியவில்லை. முன்நெற்றி நரையை ஒதுக்கிக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக, கதவருகே நின்றவளைப் பார்த்தாள். அவன் சொல்லாததை, அவன் வாயால், மெதுவாகக் கேட்டாள்.

"ரொம்ப முடியலையாக்கா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள், யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரிவதற்குள்.